மாப்பிள்ளையின் முதல் தோட்டா

பெண் கேட்டுப் போகும் தூதனாக என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், அந்த வாரம் எங்கள் குடும்பத்தில் வேலை வெட்டி இல்லாமல் இருந்தவன் நான் மட்டும்தான். பல்கலைக்கழகத்தில் விடுமுறை விட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை ஷிங்கிராய் என் பெரியப்பா மகன். தொழில் வேட்டை. தேர்வெழுதி, உரிமம் வாங்கி, ஜாம்பேசிப் பள்ளத்தாக்கில் முகாமடித்து, கடல் கடந்து வருகிற பணக்காரர்களைக் காட்டெருமைக்கு வெகு அருகில் நடத்திக்கொண்டு போய், மறுபடி உயிரோடு விமானம் ஏற்றிவிடுகிற வேலை. வாடிக்கையாளர் சரியாகச் சுட்டால் ஷிங்கிராய்க்கு வேலை இல்லை. அவனுக்கு வேலை இல்லாத நாள் வருஷத்தில் மிகக் குறைவு.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பேச்சுவார்த்தைக்கு உள்ளே வரக் கூடாது. பெண் வீட்டு வேலிக்கு வெளியே, கூப்பிடும்வரை நிற்க வேண்டும். தூதன்தான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, கை குவித்துத் தட்டி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, திட்டு வாங்கி, அபராதம் ஒப்புக்கொண்டு, சம்மதத்தோடு வெளியே வர வேண்டும். ஒருவனுடைய கல்யாணத்தை இன்னொருவனுடைய வாயை நம்பி விடுகிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் என் வாயைப் பார்த்ததில்லை.

பெண் வீடு இருந்த குருவேயை நோக்கி முகாம் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். ஷிங்கிராய் பள்ளத்தாக்கிலிருந்து நேரே வந்தவன், இடுப்பில் தோட்டா வாரைக்கூடக் கழற்றவில்லை. வண்டியின் பின்னால் மாமியாருக்குக் கம்பளி, மாமனாருக்குக் கோட்டு, சர்க்கரை மூட்டை, எண்ணெய், அப்புறம் நான் ஏற்றிய ‘முள்ளம்பன்றி’ கட்டுகள். அது நானும் நண்பர்களும் கல்லூரியில் நடத்துகிற நையாண்டிப் பத்திரிகை. விற்றது போக மீதி. ‘விற்றது போக’ என்பதை மரியாதைக்காகச் சொல்கிறேன். குருவே சந்தையில் வேர்க்கடலை மடிக்க எடுத்துக்கொள்வார்கள் என்று ஷிங்கிராய்தான் யோசனை சொல்லியிருந்தான்.

“ஜொராமு சித்தப்பா சிரிச்சா நீயும் சிரிடா,” என்றான் ஓட்டிக்கொண்டே. “பெரியவர் சிரிச்சா சிரிச்சுடாதே. அது சிரிப்பில்ல.”

பெரியவர் என்றால் பெண்ணின் அப்பா, முஷாய்க்கே. ஜொராமு அவருடைய தம்பி. இரண்டு பேரும் ஒரு காலத்தில் பள்ளத்தாக்கிலேயே பேர்போன வேட்டைக்காரர்கள். யானைக் குலத்தார், ஆகையால் யானைக் கறி தொடமாட்டார்கள். மற்றபடி அவர்கள் பார்த்து மிச்சம் வைத்தது அதிகமில்லை.

“ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும். ஒருத்தர் தலையாட்டலைன்னாலும் போச்சு. இன்னிக்கு விட்டா மழை வர்ற வரைக்கும் எனக்கு லீவு கிடையாது.”

“மழை வந்ததும் மறுபடி வருவோம்.”

“ஷுவாய் என்ன சொல்லியிருக்கா தெரியுமா? ‘வேலியோட திரும்பிப் போற மாப்பிள்ளை, போனது போனதுதான்’னு.”

“சும்மா சொல்லியிருப்பா,” என்றேன். ஷுவாய்தான் பெண்.

“அவ சும்மா சொல்லி நான் பார்த்ததில்ல,” என்றான். காட்டெருமையைப் பற்றிப் பேசும்போதுகூட அவன் குரல் அப்படி இறங்கியதில்லை.

வேலிக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி ஒரு முசாசா மரத்தடியில் அவனையும் வண்டியையும் விட்டுவிட்டு உள்ளே போனேன். வாசலில் எரினா அத்தை துடைப்பத்தோடு காத்திருந்தாள். முஷாய்க்கேயின் அக்கா. பெண் கேட்டு வருகிற தூதனை முதலில் அடித்து விரட்டுவது முறை. பெரும்பாலான வீடுகளில் துடைப்பத்தை ஓங்குவதோடு நிறுத்திக்கொள்வார்கள். எரினா அத்தை முறைகளை முழுசாகச் செய்கிறவள்.

“யாருடா நீ? எங்க வீட்டுக் கோழியத் திருட வந்தியா?”

“பூப் பறிக்க வந்தேன், அத்தை.”

“பூவா? மூஞ்சியப் பாரு!” என்று மாட்டுத் தொழுவம்வரை ஓட்டினாள். சுற்றிக்கொண்டு திரும்பி வந்ததும், மூச்சு வாங்க, “நல்லா ஓடுற. உக்காரு,” என்று என் கைபேசியைப் பிடுங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். “மாப்பிள்ளைய ரகசியமாக் கேட்டுக் கேட்டுப் பதில் சொல்ற தூதன்லாம் வேற வீட்டுக்கு.”

எங்கள் பயத்துக்கு மாறாக, பெண்ணுக்கு எத்தனை மாடு கொடுப்பது என்கிற பேச்சு சுமுகமாக முடிந்தது. கம்பளியை மாமியார் முகர்ந்து பார்த்து ஏற்றுக்கொண்டாள். முஷாய்க்கே கோட்டைப் போட்டுப் பார்த்துக் கழற்றவில்லை. உள்ளே சட்ஸாக் களியும் கோழிக் குழம்பும் கொதிக்கிற வாசனை. முற்றத்தில் எங்கோ கேழ்வரகு பீர் தயாராக இருப்பதாகவும் கேள்வி. அதை இரண்டு வீட்டாரும் ஒரே சுரைக்குடுவையில் குடித்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. மனசுக்குள் கை தட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் முஷாய்க்கே வலது காலை நீட்டி வைத்துக்கொண்டார். அந்தக் கால் மடங்காது.

“தூதா, கடைசியா ஒரு கேள்வி. மூத்த மருமகன் பஸ் ஓட்டறவன். அவங்கிட்ட பிரேக்கப் பத்திக் கேட்டேன். உங்க பையன் காட்டெருமைக்குப் போறப்ப, துப்பாக்கில மொதத் தோட்டா என்ன போடுவான்?”

ஷிங்கிராய் எனக்கு மாமியாரின் பிறந்த ஊர், பசுக்களின் பெயர், பெரியவருக்குப் பிடித்த மூக்குப்பொடி எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தான். தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துப்பாக்கியில் தோட்டா போட வேண்டும் என்பதுவரைதான் என் அறிவு.

“எங்க பையன் பெரியவங்க சொல்றதைப் போடுவான், மாமா.”

“எந்தப் பெரியவங்க?” என்றார் ஜொராமு சித்தப்பா, சிரித்தபடி. நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. தம்பியும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டில் இருபது வருஷமாக எந்தக் கேள்விக்கு முடிவு வரவில்லையோ, அதில் நான் போய் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

“கெட்டிக் குண்டுதான்,” என்றார் முஷாய்க்கே. “மூக்குலேந்து அடிவரைக்கும் பித்தளை. எலும்பப் பாத்து நின்னு நலம் விசாரிக்காது. வளையாது, உடையாது, நேரா உள்ள போகும். மொதல்லயும் அதான், கடைசிலயும் அதான்.”

“ஈயமூக்கு,” என்றார் ஜொராமு. “உள்ள போனதும் காளான் மாதிரி விரியும். வேலையச் செஞ்சுட்டு உள்ளேயே தங்கிடும். வீட்டோட மாப்பிள்ளை மாதிரி.”

“உன் வீட்டோட மாப்பிள்ளை தோள் எலும்பு வாசல்லயே தங்கிட்டாரு. அதுக்குத்தான் நான் கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“நீ சுட்டது தங்கிச்சு. நான் சுட்டது கொன்னுச்சு. ரெண்டும் ஈயமூக்குதான். உன் மேல ஏறி நின்ன எருமைய யாரு இறக்கிவிட்டது?”

“ஏற விட்டது யாரு? ஈயமூக்கு!”

ஆக, ஒரே எருமை, ஒரே நாள், ஒரே பெட்டித் தோட்டா. அதிலிருந்து அண்ணன் ஒரு மதம் ஆரம்பித்தார், தம்பி ஒன்று ஆரம்பித்தார். பொங்கலுக்குப் பொங்கல் சண்டை போட எங்களுக்குப் பொங்கல் கிடையாது. அதனால் அவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போட்டார்கள்.

கெட்டி என்று சொன்னால் தம்பி எழுந்து போய்விடுவார். ஈயமூக்கு என்றால் அண்ணனால் எழுந்து போக முடியாது. ஆனால் என்னைப் போகச் சொல்ல முடியும். யோசித்தேன்.

“எங்க பையனுக்கு ரெண்டாவது தோட்டாவே தேவைப்படாது, மாமா. அதனால மொதல்ல எது இருந்தா என்ன?”

சமையலறை வாசலில் எரினா அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ரெண்டாவது தேவைப்படாதுன்னு சொன்ன நாலு பேர எனக்குத் தெரியும்,” என்றார் முஷாய்க்கே. “எங்க புதைச்சிருக்குன்னும் தெரியும். தூதனுக்கு ரெண்டு கோழி அபராதம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எம் பொண்ணு வாசல்ல உக்காந்து வண்டிச் சத்தத்துக்குக் காது குடுத்துக்கிட்டு இருக்கக் கூடாதுடா. அவங்கம்மா ஒரு மழைக்காலம் பூரா ஆஸ்பத்திரில உக்காந்தா. வாயால சொல்றது வேண்டாம். கெட்டியா இல்லையான்னு கண்ணால பாத்துடுவோம். ஜொராமு, காகிதம் கொண்டா.”

குண்டின் குணத்தை அறிய ஈரக் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பார்கள். நனைத்து அடுக்கிய காகிதம் கிட்டத்தட்டச் சதை மாதிரியாம். எத்தனை ஆழம் போகிறது, எப்படி விரிகிறது என்று பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கலாம். பெரியவர் டெலிபோன் டைரக்டரிகளை வைத்துத்தான் சுடுவாராம். இப்போது டைரக்டரியை யார் அச்சடிக்கிறார்கள்? நான் இந்தப் பேச்சை அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டிருந்தபோது ஜொராமுவின் பார்வை வேலி தாண்டி, வண்டியின் பின்பக்கத்தில் போய் நின்றது.

மாப்பிள்ளையோடு இன்னும் பேசக் கூடாது. அதனால் ஜொராமு வண்டிவரை வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கட்டுகளை வானத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கினார். ஷிங்கிராய்க்கும் எதுவும் கேட்க உரிமை இல்லை. அவனும் வானத்தைப் பார்த்தான். மேலே ஒரு கழுகுகூட இல்லை.

“என்னடா இது?” என்றார் ஜொராமு, முற்றத்தில் ஒரு கட்டைப் பிரித்து.

“பத்திரிகை, சித்தப்பா. நையாண்டி.”

“தண்ணில போட்டா நிக்குமா?”

“தண்ணில போடாமலே நிக்கல, சித்தப்பா.”

மாட்டுத் தொட்டியில் மொத்த ‘முள்ளம்பன்றி’யும் நனைந்தது. மூன்று வருஷ உழைப்பு. முற்றத்தின் கோடியில் வீட்டு உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. அதற்கு முன்னால் தக்காளிப் பெட்டிகளை வரிசையாக வைத்து, அதில் எங்கள் இதழ்களை நிறுத்தி அடுக்கினார்கள். முஷாய்க்கே கையால் முழம் போட்டார்.

“நாலு முழம் வேணும். மூணரைதான் தேறுது. இன்னும் இல்லையா?”

“மிச்சம் வித்துப்போச்சு, மாமா.”

எழுத வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, விற்ற பிரதிகளுக்காக வருத்தப்பட்டேன்.

“பரவால்ல. பின்னால புத்து இருக்கு. எங்க போயிடும்?”

பெண்கள் எல்லோரும் சமையலறையில் ஷுவாய்க்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஜொராமு முதலில் சுட்டார். காது அடைத்துத் திறந்தபோது மூன்று பேரும் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டுப் பக்கம் பிரித்துக்கொண்டிருந்தோம். விடுதிச் சாப்பாடு பற்றி நான் எழுதிய தலையங்கத்தில், ஈயமூக்கு அழகாக விரிந்து, காளானாகி, உட்கார்ந்திருந்தது. அந்தத் தலையங்கத்துக்குள் அவ்வளவு தூரம் போனவர் அதுவரை யாருமில்லை.

“பாத்தியா?” என்றார் ஜொராமு. “போச்சு, விரிஞ்சுது, தங்கிச்சு.”

“பாதில தங்கிச்சு. தள்ளு,” என்றார் அண்ணன். காலை நீட்டி, முக்காலியில் சாய்ந்து, தன் பழைய பெரிய துப்பாக்கியில் கெட்டியைப் போட்டுச் சுட்டார்.

போய்ப் பிரித்தோம். முதல் கட்டு. தலையங்கம். துணைவேந்தர் பேட்டி, அதுவும் நான் கற்பனை செய்தது. காதல் கவிதைகள். எல்லாவற்றிலும் ஒரே அளவில், சுத்தமான ஒரு புது வட்ட ஓட்டை. கடைசி இதழின் பின்னட்டையிலும் அதே ஓட்டை.

“எங்கேயும் நிக்கல!” என்றார் முஷாய்க்கே. இருபது வருஷம் காத்திருந்த சந்தோஷம் முகத்தில். “புத்துக்குள்ள போய்ப் பாரு, சுண்டுவிரல் மாதிரி நேரா இருக்கும்!”

புற்றிலிருந்து தூசு கிளம்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சத்தம் வந்தது. கன்று பால் குடிக்கிற மாதிரி, ஆனால் நிற்காமல்.

எரினா அத்தை பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். பின்னலின் மறுமுனையில் ஷுவாயும் வந்தாள்.

“எந்தப் பக்கம் சுட்டீங்க?”

“புத்துப் பக்கந்தான்க்கா.”

அத்தை வாயில் வந்ததை இங்கே அச்சிட எங்கள் பத்திரிகைக்கே துணிச்சல் கிடையாது. புற்றின் அடியில் எறும்புதின்னி தோண்டிய பெரிய பொந்து. அதற்குள் இலைதழை போட்டு மூடி, அத்தை விடியற்காலையில் ஒளித்து வைத்திருந்தது கல்யாண பீர் நிரம்பிய நீல டிரம். ஒளித்ததன் காரணத்தையும் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: “ஜொராமு கண்ணுல படக் கூடாதுன்னு ஒளிச்சேன்! பெரியவன் குண்டுல பட்டுடுச்சே!”

மூன்றரை முழம் பத்திரிகை குண்டின் வேகத்தைக் குறைத்திருந்ததால் டிரம் வெடிக்கவில்லை. பாதிக்குக் கீழே ஒரே ஒரு ஓட்டை. அதிலிருந்து பழுப்பு நிறத்தில் பீர், வில் மாதிரி வளைந்து, வேலிப் பக்கமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. பீர் இல்லாமல் சம்பந்தம் இல்லை. மறுபடி ஊறவைத்துக் காய்ச்ச ஒரு வாரம் ஆகும். ஷிங்கிராய்க்கு இருப்பது இந்த ஒரு நாள்.

அத்தை உள்ளங்கையால் அடைத்தாள். விரலிடுக்கில் பீறி முஷாய்க்கேயின் புதுக் கோட்டில் அடித்தது. ஜொராமு வாயால் அடைத்தார். அது அடைப்பதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் குடம், சட்டி, கோழித் தண்ணீர்க் கிண்ணம் என்று கிடைத்ததைக் கொண்டுவந்து பிடித்தேன்.

வேலி முறிகிற சத்தம் கேட்டது. இரண்டு வெடி, பிறகு அத்தையின் அலறல். யாருக்கோ குண்டு பட்டுவிட்டது என்று நினைத்து ஷிங்கிராய் முள்வேலியைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான். ஷுவாய் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான். டிரம்மைப் பார்த்தான். அத்தையின் கையை விலக்கி, இடுப்பு வாரிலிருந்து ஒரு தோட்டாவை உருவி, மூக்குப் பக்கம் ஓட்டைக்குள் போக அழுத்தித் திருகினான். குண்டு போட்ட ஓட்டையில் குண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. ஒழுகல் நின்றது.



“கூப்பிடாம உள்ள வந்த மாப்பிள்ளைக்கு ஒரு ஆடு அபராதம்,” என்றாள் அத்தை, முகத்தில் வழிந்த பீரைத் துடைத்துக்கொண்டே. “வாயத் திறந்தேன்னா ரெண்டு ஆடு.”

ஷிங்கிராய் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

முஷாய்க்கே நொண்டிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் வந்தார். ஓட்டையில் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் மட்டும் மின்னியது. மூக்கு உள்ளே, பீரில். அது ஈயமா பித்தளையா என்பது வெளியிலிருந்து தெரியாது.

“பதட்டத்துல அவன் கை தானா எந்தத் தோட்டாவுக்குப் போச்சோ, அதான் அவனோட மொதத் தோட்டா,” என்றார் மெதுவாக. “தூதன் சொன்னா பொய்யா இருக்கலாம். அவனே சொன்னாலும் பொய்யா இருக்கலாம். இது பொய் சொல்லாது. ஜொராமு, அதப் பிடுங்கு.”

“பிடுங்கினா பீர் போயிடுமேண்ணே.”

“பிடுங்காம எப்படித் தெரியும்?”

இரண்டு பேரும் டிரம்மைப் பார்த்தார்கள். ஓட்டைக்கு மேலே ஏறக்குறைய பாதி டிரம் பீர் இருந்தது. எனக்கு வாழ்க்கையில் வந்த ஒரே பயனுள்ள யோசனை அப்போது வந்தது.

“ஓட்டை வரைக்கும் குடிச்சுட்டா, மாமா?”

முஷாய்க்கே என்னை முதல் தடவையாக மனிதனாகப் பார்த்தார். “இவன எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்க வெக்கிறாங்க?” என்று ஜொராமுவைக் கேட்டார்.

டிரம்மைப் பொந்திலிருந்து இழுத்து மூடியைத் திறந்தோம். சுரைக்குடுவை வந்தது. அத்தை முதல் வாயை மண்ணில் ஊற்றி முன்னோர்களுக்குக் கொடுத்தாள். பிறகு அண்ணன் குடித்தார். தம்பி குடித்தார். நான் குடித்தேன். ஷிங்கிராய் பேசக் கூடாது, குடிக்கலாம். குடுவை சுற்றி வந்துகொண்டே இருந்தது. டிரம் இறங்குவதாக இல்லை. “பத்தாது, ஆள் வேணும்,” என்று ஜொராமு வேலிக்கு மேலே எட்டிப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, “ஒரு தோட்டாவப் பாக்கணும்,” என்றார். அந்த ஊரில் ஒரு தோட்டாவைப் பார்க்க அவ்வளவு பேருக்கு ஆர்வம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. யாரோ முரசு கொண்டுவந்தார்கள். சட்ஸாவும் கோழியும் வெளியே வந்தன. எனக்கு விதித்த அபராதக் கோழிகளும் அவற்றில் இருப்பதாகச் சொல்லி, கடனாகக் கணக்கில் எழுதிக்கொள்வதாக அத்தை சொன்னாள். பின்னல் பாதியிலேயே நின்ற தலையோடு ஷுவாய் எல்லோருக்கும் பரிமாறினாள்.

எனக்குக் கறி வைக்கும்போது குனிந்து, “ஈயமூக்கு,” என்றாள்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“எப்பவும் வாரோட இடது கோடியில ஈயமூக்கு, மத்ததெல்லாம் கெட்டி. நாந்தான் அந்தத் தோட்டா வாரத் தைச்சுக் குடுத்தேன்.”

“காலைலயே சொல்லியிருக்கலாமே!”

“என்ன யாரு கேட்டா? பொண்ணு வாயத் திறக்கக் கூடாதாம்,” என்று சொல்லி, என் தட்டில் கழுத்துத் துண்டை வைத்துவிட்டுப் போனாள்.

அது எனக்குப் பீதியைத்தான் கொடுத்தது. ஈயமூக்கு என்று தெரிந்தால் பெரியவர் என்ன செய்வார்? ஷிங்கிராயைப் பார்த்தேன். தன் வாரில் எது குறைந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? உலர்ந்த முகத்தோடு குடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குடுவைக்கும் பீர் இறங்கியது. வாடிக்கையாளர்கள் அவனைப் பற்றி, காட்டெருமை ஓடி வரும்போதுகூட அசையமாட்டான் என்று சொல்வார்கள். இப்போது கால் ஆட்டிக்கொண்டிருந்தான்.

வெயில் மஞ்சளானபோது ஜொராமு டிரம்முக்குள் தலையை விட்டு, “ஓட்டை தெரியுது!” என்று கத்தினார். முரசு நின்றது. முஷாய்க்கே தோட்டாவின் அடியைப் பிடித்துத் திருகி உருவினார். மூக்கைக் கோட்டில் துடைத்தார்.

ஈயம்.

ஜொராமு துள்ளிக் குதித்து நாலு தப்படி ஆடினார். ஐந்தாவதில், அண்ணன் முகத்தைப் பார்த்து நின்றார்.

“ஏன்டா?” என்றார் முஷாய்க்கே ஷிங்கிராயிடம்.

ஷிங்கிராய் அத்தையைப் பார்த்தான்.

“பேசு, பேசு. ஆடு வேண்டாம்,” என்றாள் அத்தை.

“காட்டெருமை ஒத்தையா நிக்காது, மாமா,” என்றான். “கூட்டமா நிக்கும். கெட்டிய விட்டா மொத எருமையத் துளைச்சு, பின்னால நிக்கறதுக்கும் காயம் பண்ணும். காயம்பட்டது எங்க போய்ப் பதுங்கியிருக்குன்னு நாந்தான் புல்லுக்குள்ள தேடிப் போகணும். அதான் மொதல்ல ஈயமூக்கு. பின்னால எப்பவும் ஏதாவது நிக்கும், மாமா.” தயங்கி, டிரம்மைப் பார்த்தான். “இன்னிக்கு பீர் நின்னுச்சு.”

யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

“ரெண்டாவது?”

“கெட்டி. அதுக்கப்புறம் எல்லாமே கெட்டி. கூட்டம் கலைஞ்சு ஓடறப்பவும் அதான், எம்மேல வர்றப்பவும் அதான்.”

“யானைன்னா?”

“மொதல்லேந்து கெட்டி. ஆனா யானை உங்க குலம். சட்டப்படி சுட வேண்டி வந்தாலும் உங்ககிட்ட சொல்லமாட்டேன்.”

முஷாய்க்கே கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையைச் சுருட்டி, டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு அடிமண்டியில் துழாவினார். எடுத்தபோது விரல்களுக்கு நடுவில் அவருடைய கெட்டிக் குண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல், பீர் சொட்டச் சொட்ட.

“பாத்துக்கோ,” என்று ஜொராமுவிடம் காட்டினார். “மூணரை முழம் காகிதம், ஒரு டிரம். வளைஞ்சுதா? உடைஞ்சுதா?”

“இல்லண்ணே.”

“ஆனா பீரச் சுட்டுடுச்சு,” என்று தானே சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தவித்தேன். ஆனால் அது நிஜச் சிரிப்பு. நீட்டிய கால் குலுங்கியது. கெட்டிக் குண்டை ஷிங்கிராயின் கையில் வைத்து மூடினார். “ரெண்டாவது இதுதான்னு ஒத்துக்கிட்டல்ல, அது போதும். அவளோட காது வண்டிச் சத்தத்துக்கு நிம்மதியாத் திறந்திருக்கட்டும். சம்மதம்.”

“எனக்கும் சம்மதம்,” என்றார் ஜொராமு. “மொதல்ல ஈயமூக்குன்னு ஊர் பூராச் சொல்லுவேன்.”

“என்னத்த சம்மதம்?” என்று எரினா அத்தை இடுப்பில் கை வைத்தாள். “மத்தியானத்துலேந்து மாப்பிள்ளை வீட்டாரோட ஒரே குடுவைல குடிச்சிட்டிருக்கீங்க. கல்யாணம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இப்ப வந்து தலையாட்டறாங்களாம், ரெண்டு பேரும்.”

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரே விஷயத்தில் இரண்டு பேரும் தோற்றிருந்தார்கள். குலவைச் சத்தம் எழுந்தது. ஷுவாய் நேரே வந்து, ஷிங்கிராயின் இடுப்பு வாரில் காலியாக இருந்த இடது கோடியைத் தொட்டுப் பார்த்து, “தையல் விட்டிருக்கு, குடு,” என்றாள். அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பேசியதை நான் கேட்டது அவ்வளவுதான்.

ஓட்டை போட்ட ‘முள்ளம்பன்றி’கள் வேலிமேல் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்குக் கிளம்பியவர்கள் நினைவாக ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார்களே தவிர யாரும் படிக்கவில்லை என்றாலும், எங்கள் பத்திரிகை ஒரு பிரதிகூட மிச்சமில்லாமல் தீர்ந்துபோனது அந்த ஒரு நாள்தான்.

வண்டியில் ஏறும்போது முஷாய்க்கே என்னைக் கூப்பிட்டார். ஜொராமுவுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அடுத்த வருஷம் அவளைக் கேட்டு யாராவது வருவார்கள், அதற்கும் காகிதம் வேண்டும்.

“அடுத்த தடவ கொஞ்சம் கம்மியா வித்துட்டு வாடா,” என்றார். “அரை முழம் குறைஞ்சுது.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றுவதில் எங்கள் ஆசிரியர் குழுவுக்கு இதுவரை எந்தச் சிரமமும் ஏற்படவில்லை.